உரிமம் தந்த கையும் விசாரிக்கும் கையும்: சிவகாசி வட்டாரக் காவல் வரலாற்றெழுதியல் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

தமிழகக் காவல்துறையின் வரலாறு சென்னை மாநகரக் காவலை மையமாகக் கொண்டு எழுதப்பட்டு வந்துள்ளது. மாவட்டங்களைப் பொறுத்தவரை கலகங்களே அதன் மையமாக அமைந்துள்ளன. விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசுத் தொழில் வட்டாரத்துக்கு இவ்விரு சட்டகங்களும் போதுமானவை அல்ல என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. வெடிபொருள் சட்டம் மாநகரில் காவல் ஆணையருக்கும் மாவட்டத்தில் ஆட்சியருக்கும் வழங்கியுள்ள அதிகாரம் ஒப்புநோக்கப்படுகிறது. அதன் வழியாகக் காவல் சீர்திருத்தம் பற்றிய விவாதத்தில் விடுபட்டுப்போன கேள்வி ஒன்று முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: காவல் வரலாறு, சிவகாசி, 1899 கலகம், வெடிபொருள் சட்டம், காவல் சீர்திருத்தம், கருந்திரி

மாநகரம் என்னும் அளவுகோல்

ஆங்கிலேயர் ஆட்சிக்காலக் காவல்துறையின் அமைப்பில் தொடக்கம் முதலே ஓர் இருமை உண்டு. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று தலைநகரங்களுக்கும் 1856இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டு, காவல் ஆணையர் என்னும் பதவி உருவாக்கப்பட்டது. சென்னை மாகாணத்தின் மாவட்டங்களுக்கோ 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் வந்தது. பின்னர் 1888இல் சென்னை நகரத்துக்கெனத் தனிக் காவல் சட்டம் நிறைவேறியது. மாநகரில் ஆணையர் காவல் தலைவராக இருப்பதோடு நடுவருக்குரிய அதிகாரங்கள் சிலவற்றையும் உடையவர். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அவ்வதிகாரங்கள் இல்லை. அவை மாவட்ட நடுவராகிய ஆட்சியரிடம் உள்ளன. நிருவாகவியல் பாடநூல்களில் ஒரு பத்தியோடு முடிந்துவிடும் இவ்வேறுபாடு, சிவகாசியில் ஓர் உயிர் போன பிறகு யார் யாரை விசாரிப்பது என்பதைத் தீர்மானிக்கிறது.

காவல் வரலாற்றை எழுதியோர் இயல்பாகவே மாநகரைத் தேர்ந்துகொண்டனர். ஆணையர்களின் வரிசை, எழும்பூர் தலைமையகம், பெருநகரக் குற்றங்கள், அரசியல் ஊர்வலங்கள் எனத் தொடர்ச்சியான ஒரு கதையைச் சொல்ல அங்கே ஆவணங்கள் ஓரிடத்தில் கிடைக்கின்றன. மாவட்டக் காவல் அத்தகைய கதைக்கு இடந்தருவதில்லை. 2021இல் சிவகாசி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. ஆயினும் காவல் ஆணையரகம் அங்கு அமையவில்லை. விருதுநகர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் ஆளுகையிலேயே அது தொடர்கிறது. உள்ளாட்சி வரையறையில் மாநகரமாகவும் காவல் வரையறையில் மாவட்டத்தின் ஓர் உட்பிரிவாகவும் நிற்கும் ஊரை, மாநகரக் காவல் வரலாறு என்னும் வாய்பாட்டால் அளக்க இயலாது.

1855இல் எழுந்த கேள்வி

1859ஆம் ஆண்டுச் சட்டம் ஏன் வந்தது என்பதை நினைவுகூர்வது இங்கே தேவையாகிறது. நிலவரி தண்டுவதில் நிகழ்ந்த கொடுமைகளை ஆராயச் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட சித்திரவதை விசாரணைக் குழு 1855இல் தன் அறிக்கையை அளித்தது. வரி வசூலிக்கும் தாசில்தாரே காவல் அதிகாரத்தையும் வைத்திருந்தார். குடியானவன் யாரிடம் அடிபட்டானோ அவரிடமே முறையிட வேண்டிய நிலை இருந்தது. வருவாய் அதிகாரத்தையும் காவல் அதிகாரத்தையும் பிரிக்க வேண்டும் என்னும் கருத்துக்கு அவ்வறிக்கை வலுவூட்டியது. வில்லியம் இராபின்சன் தலைமையில் உருவான புதிய காவல்துறை அப்பிரிவினையின் விளைவாகும்.

பிரிவினை முழுமையானதன்று. மாவட்ட நடுவர் என்ற முறையில் ஆட்சியரின் பொதுக் கட்டுப்பாடு காவல்துறையின்மீது நீடித்தது. எனினும், அதிகாரம் செலுத்துபவரும் அவ்வதிகாரத்தின்மீதான முறையீட்டைக் கேட்பவரும் ஒருவராக இருத்தலாகாது என்னும் நெறி அப்போதே ஏட்டில் ஏறிவிட்டது. சீர்திருத்த வரலாற்றை 1902–03இன் பிரேசர் ஆணையத்திலிருந்து தொடங்குவோர் இதைக் காணத் தவறுகின்றனர். பிரேசர் ஆணையம் சார்பு ஆய்வாளர் பதவிக்கு நேரடி ஆள்சேர்ப்பு, மாகாணக் குற்றப் புலனாய்வுத் துறை முதலிய அமைப்புநிலை மாற்றங்களைப் பரிந்துரைத்தது. 1855இன் கேள்வி அடிப்படையானது: முறையீட்டை யாரிடம் சொல்வது?

1899: ஒரே இரவில் தோன்றி மறையும் காவல்துறை

சிவகாசியின் காவல் வரலாற்றில் ஆய்வாளர் அனைவரும் முதலில் வந்து நிற்கும் இடம் 1899 ஜூன் 6. கோயில் நுழைவு உரிமை தொடர்பாக நாடார்களுக்கும் மறவர் உள்ளிட்ட பிற சமூகத்தாருக்கும் இடையே எழுந்த பிணக்கு முற்றி, ஆயிரக்கணக்கானோர் திரண்டு ஊரைத் தாக்கிய நாள் அது. 1897இல் தொடங்கிய கமுதிக் கோயில் நுழைவு வழக்கு இதற்குப் பின்புலமாக இருந்தது. கலகம் திருநெல்வேலி மாவட்டத்தின் பல ஊர்களுக்குப் பரவி, படை வரவழைக்கப்பட்ட பின்னரே அடங்கியது.

இந்நிகழ்வைக் கூறும் முதன்மையான நூல்கள் மூன்று. எச்.ஆர். பேட் தொகுத்த திருநெல்வேலி மாவட்ட விவரச்சுவடி (1917), இராபர்ட் ஹார்ட்கிரேவ் தமிழக நாடார்களைப் பற்றி எழுதிய நூல் (1969), சென்னை மாகாணக் காவல் அதிகாரத்தைப் பற்றிய டேவிட் அர்னால்டின் நூல் (1986) ஆகியன அவை. மூன்றையும் அடுத்தடுத்துப் பயில்வோர்க்கு ஒன்று புலனாகும்: காவல்துறை மூன்றிலும் மூன்று வேறு உருவங்களில் வருகிறது, எதிலும் அது சிவகாசியில் குடியிருக்கவில்லை.

பேட் ஆட்சியாளரின் கண்கொண்டு எழுதியவர். அவர் பார்வையில் கலகம் அமைதிக்கு நேர்ந்த இடையூறு. காவல்துறை அமைதியை மீட்கும் கருவி. விவரச்சுவடிக்கு இது பொதுவான இயல்பாதலால் அதன்மேல் அதிகம் குறைகாண்பதற்கில்லை. ஹார்ட்கிரேவின் நோக்கம் வேறு. ஒரு சமூகம் வணிகத்தாலும் உறவின்முறை அமைப்பாலும் மகமையாலும் எவ்வாறு தன்னை உயர்த்திக்கொண்டது என்பதே அவர் காட்ட விரும்பிய பொருள். உறவின்முறை வழக்குகளைத் தீர்த்ததையும் தண்டம் விதித்ததையும் அவர் விரிவாகக் கூறுகிறார். உண்மையில் இது காவல் வரலாற்றுக்கான முதன்மைச் செய்தி. அரசின் காவல் நிலையம் இருந்த ஊரில், அதற்கு இணையாக ஒழுங்கைப் பேணும் மற்றோர் அமைப்பும் இயங்கியுள்ளது. ஹார்ட்கிரேவ் இதனைச் சமூக ஒற்றுமையின் சான்றாக மட்டுமே எடுத்துக்கொள்கிறார். காவல் நிலையத்தின் வாயிலுக்கு எந்த வழக்கு வந்தது, எது உறவின்முறையின் திண்ணையிலேயே முடிந்தது என்று அவர் கேட்கவில்லை. உறவின்முறை இல்லாத கூலித் தொழிலாளிக்கு அவ்வூரில் எது காவல் என்பதும் அவர் நூலில் கேட்கப்படாத கேள்வியே.

அர்னால்டின் நூல் இம்மூன்றனுள் கூர்மையானது. காலனியக் காவல்துறை குற்றத்தைத் தடுப்பதைவிட ஆட்சியையும் உடைமையையும் காப்பதற்கே பெரிதும் பயன்பட்டது என்பது அதன் மையக் கருத்து. கலகம் நிகழ்ந்த பகுதியில் கூடுதல் காவலரை நிறுத்தி அதன் செலவை அப்பகுதி மக்களிடமே வசூலிக்கும் ‘தண்டப் போலீசு’ முறையை இக்கருத்தின் ஒளியில் பார்க்கும்போது அதன் உட்பொருள் தெளிவாகிறது: காவல் என்பது குடிமகனுக்கு அரசு அளிக்கும் பணியாக இல்லாமல், அவன்மேல் சுமத்தப்படும் தண்டமாக மாறிவிடுகிறது. ஆனால் அர்னால்டின் எல்லை 1947. பட்டாசுத் தொழில் சிவகாசியில் வேர்கொண்டதோ 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளை ஒட்டிய காலத்தில்தான். தொழிலாளர் போராட்டங்களில் காவல்துறையின் பங்கை அவர் ஆராயும் பகுதி ஆலைத்தொழில் நகரங்களைப் பற்றியது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அதில் இடம் வாய்க்கவில்லை. இது அவருடைய குறையன்று. அவருக்குப் பின் வந்தோர் அவர் நிறுத்திய இடத்தில் தாமும் நின்றுவிட்டதே குறை.

தமிழ்ப் புனைவிலும் இதற்கு இணையான நிலையே காணப்படுகிறது. காவல் என்னும் பழைய உரிமைக்கும் ஆங்கிலேயர் கொணர்ந்த போலீசுக்கும் இடையிலான மோதலைப் பெரும் பரப்பில் எடுத்துரைத்த சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ (2008) மதுரையைச் சுற்றியே அமைகிறது. வைப்பாற்றுக் கரையின் காவலுக்கு அத்தகைய நூல் இன்னும் வரவில்லை.

எல்லைகள் மாறிய கதை

ஆய்வாளர் கலகத்தோடு நின்றுவிடுவதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. 1899இல் சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைக்கப்பட்டது. அம்மாவட்டத்தின் தலைமையகம் நெடுங்காலம் மதுரையிலேயே இயங்கியது. 1985இல் இராமநாதபுரம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, காமராசர் பெயரில் இன்றைய விருதுநகர் மாவட்டம் அமைந்தது. ஆக ஒரே காவல் நிலையத்தின் நூற்றாண்டு வரலாற்றைத் தேடுபவர் மூன்று மாவட்டங்களின் பெயரில் தேட வேண்டியுள்ளது. கலகம் போன்ற பெருநிகழ்வு தலைமைச் செயலகக் கோப்புகளில் பதிவாகிச் சென்னை ஆவணக் காப்பகத்தை அடைந்துவிடுகிறது. அன்றாட வழக்கு மாவட்ட அளவிலேயே தங்கி, எல்லை மாறும்போதெல்லாம் சிதறுகிறது. எது வரலாறாக எழுதப்பட்டது என்பதை எது பெட்டியில் கட்டி அனுப்பப்பட்டது என்பதே பாதி தீர்மானித்துள்ளது.

வெடிபொருள் சட்டத்தில் காவலின் இடம்

சிவகாசி வட்டாரத்தின் காவல் வரலாற்றுக்கு மையமான ஆவணம் 1859ஆம் ஆண்டின் காவல் சட்டமன்று, 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமே என்பது இக்கட்டுரையின் துணிபு. அச்சட்டத்தின் வரையறைப் பிரிவில் சிறியதொரு தொடர் உள்ளது. காவல் ஆணையர் நியமிக்கப்பட்டுள்ள பகுதியில் ‘மாவட்ட நடுவர்’ என்னும் சொல் ஆணையரையே குறிக்கும் என்கிறது அத்தொடர். தீபாவளிக் காலத்தில் சென்னையில் பட்டாசுக் கடை வைக்க விரும்புவோர் காவல் ஆணையரகத்தை நாடுவதன் அடிப்படை இதுவே. மாநகரில் வெடிபொருளைப் பொறுத்தவரை காவல்துறை உரிமம் வழங்கும் துறையாகும்.

பட்டாசு விற்கும் மாநகரில் நிலைமை இவ்வாறிருக்க, பட்டாசு செய்யும் மாவட்டத்தில் காவல்துறைக்கு அவ்விடம் இல்லை. 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி, ஒரு நேரத்தில் 15 கிலோவுக்கு மிகாத அளவில் பட்டாசு தயாரிக்கும் ஆலைக்கு மாவட்ட நிருவாகமே உரிமம் தருகிறது. அதற்கு மேற்பட்டவை பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் பொறுப்பில் உள்ளன. 500 கிலோ வரையிலானவற்றுக்குக் கட்டுப்பாட்டு அலுவலரும், அதற்கும் மேற்பட்டவற்றுக்கு நாகபுரியிலுள்ள தலைமைக் கட்டுப்பாட்டு அலுவலரும் உரிமம் வழங்குகின்றனர். வட்டார வழக்கில் இவை முறையே ‘டி.ஆர்.ஓ. லைசென்ஸ்’, ‘சென்னை லைசென்ஸ்’, ‘நாக்பூர் லைசென்ஸ்’ எனப்படும். பின்னிரண்டுக்கும் மாவட்ட நிருவாகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். எவ்வகை உரிமமாயினும் ஆட்சியர் அலுவலகத்தின் கைபடாமல் ஓர் ஆலை எழும்பாது.

இனி, விபத்துக்குப் பின் நிகழ்வதை நோக்கலாம். உயிரிழப்பு நேர்ந்தால் மாவட்ட நடுவர் தாமோ தமக்குக் கீழுள்ள நடுவரைக் கொண்டோ விசாரணை நடத்தியே ஆக வேண்டும் என்று வெடிபொருள் சட்டத்தின் 9ஆம் பிரிவு விதிக்கிறது. உரிமம் தந்த அலுவலகம், அவ்வுரிமத்தின் கீழ் நேர்ந்த சாவை விசாரிக்கும் அலுவலகமாகவும் ஆகிறது. 1855இன் குழு தாசில்தாரிடம் கண்ட அதே சேர்க்கை, வேறு உடையில் இங்கே மீண்டும் நிற்கிறது. ஆட்சியர்களின் நேர்மையை ஐயுறுவது இக்கருத்தின் நோக்கமன்று. நேர்மையான ஆட்சியரும் தம் அலுவலகத்தின் கையொப்பத்தையே விசாரிக்க வேண்டியிருக்கிறது என்பதே சுட்டப்படுகிறது.

காவல் நிலையத்துக்கு இதில் கிடைக்கும் பங்கு எஞ்சிய பங்கு. முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. வெடிபொருளைக் கவனக்குறைவாகக் கையாண்டமைக்கான பிரிவு (முன்னர் இந்திய தண்டனைச் சட்டம் 286, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 288), கவனக்குறைவால் மரணம் விளைவித்தமைக்கான பிரிவு, வெடிபொருள் சட்டத்தின் 9பி பிரிவு ஆகியன சேர்க்கப்படுகின்றன. போர்மேன், மேலாளர், உரிமையாளர் அல்லது குத்தகைதாரர் எனக் கைதுகள் நிகழ்கின்றன. மருந்துக் கலவை எவ்வளவு இருந்தது, அறையில் எத்தனை பேர் இருந்தனர், மரத்தடியில் ஏன் வேலை நடந்தது என்னும் தொழில்நுட்பக் கேள்விகளுக்கு விடைதேடும் பயிற்சியும் பொறுப்பும் வேறு துறைகளுக்கு உரியவை. தொழிற்சாலைப் பாதுகாப்பு மீறல்களுக்காக வழக்குத் தொடுப்பது தொழிலகப் பாதுகாப்புத் துறை. காவலருக்கு எஞ்சுவது பிணக்கூறாய்வும் கூட்டக் கட்டுப்பாடும் கைதும்.

கூட்டக் கட்டுப்பாடு என்பது சிறு செய்தியன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் 38 பேர் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. அவர்களுள் பலர் ஆலைத் தொழிலாளர் அல்லர். முதல் வெடிப்பின் புகையைக் கண்டு, சிக்கியவர்களைக் காப்பாற்ற ஓடிவந்த அக்கம்பக்கத்தார். ஒரு மாவட்டக் காவல்துறையின் திறனை 1899இன் கலகத்தைக்கொண்டு அளந்து பழகிய ஆய்வுலகம், இந்தப் பிற்பகலைக்கொண்டு அளக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கலகத்தில் கூட்டம் பகையோடு வருகிறது. இங்கே இரக்கத்தோடு வருகிறது. இரண்டாவது கூட்டத்தை நிறுத்துவதற்குத் தடியடிப் பயிற்சி பயன்படாது.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சன்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. சுற்றுச்சூழலுக்கான தீர்ப்பாயம் ஒன்று ஆலைச் சாவுகளை விசாரிக்க நேர்ந்தமையே சிந்தனைக்குரியது. வட்டாரத்துக்குள் உரிமத்தோடு தொடர்பில்லாத ஒரு விசாரிப்பாளர் இல்லாத வெற்றிடத்தை அது காட்டியது. உரிமம் பெற்றவர் அறைகளைப் பலருக்குப் பிரித்து விடும் உள்குத்தகை முறை அப்போது பரவலாகப் பேசப்பட்டது. உள்குத்தகை என்பது சட்டத்தின் பார்வையில் உரிம நிபந்தனை மீறல். அதைக் கண்டறிய வேண்டிய முதற்பொறுப்பு உரிமம் தந்தவருடையது.

கருந்திரி வழக்குகள்

விபத்துகளுக்கு இடைப்பட்ட நாள்களில் இவ்வட்டாரக் காவல் நிலையங்கள் என்ன செய்கின்றன என்பதற்கு நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களே இப்போதைக்கு எளிதில் கிடைக்கும் சான்று. அனுமதியின்றிக் கருந்திரி வைத்திருந்தவர் கைது, தகரக் கொட்டகையில் பட்டாசு செய்தவர் மீது வழக்கு என்னும் செய்திகள் அங்கே ஓயாமல் வருகின்றன. கருந்திரி என்பது நூலில் மருந்து தோய்த்து உலர்த்திய திரி. குடிசைகளிலும் கொல்லைகளிலும் கூலிக்கு அது செய்யப்படுகிறது. அதற்கும் ஆபத்து உண்டு. வீட்டுக்குள் வெடித்து உயிர் போனதும் உண்டு. ஆதலால் காவலர் நடவடிக்கை எடுப்பதைத் தவறென்று கூற இயலாது.

ஆயினும் இவ்வழக்குகளின் சமூக அமைப்பு ஆராயத்தக்கது. உரிமம் உள்ள ஆலையின் வாயிலில் பல துறைகளின் அதிகாரம் குறுக்கே நிற்பதால், காவலர் தாமாக முன்சென்று செயற்படத்தக்க வெளி உரிமம் இல்லாத கொல்லையாகவே சுருங்குகிறது. திரியை வாங்குபவர் எவர், மருந்தை விற்றவர் எவர் என்னும் கேள்விகள் வழக்கேட்டின் முதற்பக்கத்துக்குப் பின் எவ்வளவு தொலைவு செல்கின்றன என்பது தீர்ப்புகளைத் தொகுத்து நோக்கினாலன்றித் தெரியாது. காலனியக் காவல்துறை உடைமைக்குச் சார்பாக நின்றது என்னும் அர்னால்டின் கருத்தை 1947க்குப் பின் சோதிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான களம் தமிழகத்தில் அரிது. சோதனையின் முடிவு அவர் கருத்தை மறுப்பதாகவும் அமையலாம். சோதிக்காமலே மேற்கோளாக்குவது ஆய்வன்று.

சீர்திருத்தம் எங்கே தொடங்குகிறது?

விடுதலைக்குப் பின் தமிழக அரசு 1969 முதல் 2022 வரை பல காவல் ஆணையங்களை அமைத்துள்ளது. காவலரின் ஊதியம், குடியிருப்பு, பணிச்சுமை, பொதுமக்கள் உறவு ஆகியவை அவற்றில் திரும்பத் திரும்பப் பேசப்படும் பொருள்கள். இவை வேண்டியனவே. எனினும் சீர்திருத்த விவாதத்தின் போக்கை மாற்றியது பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையே. அதன் இரு கூறுகள் சிவகாசியைப் பொறுத்தவரை நெருங்கி நோக்கத்தக்கவை.

முதலாவது, புலனாய்வுப் பணியைச் சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து பிரித்தல். இதனைப் 10 இலட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் தொடங்கிப் படிப்படியாக விரிக்கலாம் என்றது நீதிமன்றம். சீர்திருத்தமும் மாநகரிலிருந்தே புறப்படுகிறது. கோயில் திருவிழாப் பாதுகாப்புக்குக் காலையிலும் ஆலை வெடிப்புக்கு மாலையிலும் ஓடும் ஒரே ஆய்வாளர், மாதங்கள் நீளும் வெடிபொருள் புலனாய்வையும் சுமக்கும் சாத்தூர், வெம்பக்கோட்டை, ஆலங்குளம் போன்ற இடங்களுக்கு அது எப்போது வந்து சேரும் என்பதற்கு அவ்வாணையில் காலவரையறை இல்லை.

இரண்டாவது, காவலர் மீதான புகார்களைக் கேட்கும் ஆணையம். மாவட்ட அளவில் அது ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியின் தலைமையில் அமைய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2013ஆம் ஆண்டின் தமிழ்நாடு காவல் (சீர்திருத்தங்கள்) சட்டமோ மாவட்ட ஆட்சியரை அதன் தலைவராக்கியது. இவ்விலகல் பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் கொள்கை நிலையில் நின்றன: நீதித்துறை சார்ந்தவர் இருக்க வேண்டிய இடத்தில் நிருவாகத்தார் இருக்கிறார் என்பதே அவற்றின் சாரம். பட்டாசு வட்டாரத்தில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. விபத்தில் கணவனை இழந்த ஒரு பெண், தன் வழக்கில் காவலர் உண்மையான பொறுப்பாளியை விட்டுவிட்டனர் என்று முறையிட விரும்பினால், அம்முறையீட்டைக் கேட்கும் ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். ஆலைக்கு உரிமமோ தடையின்மைச் சான்றோ அளித்தது ஆட்சியர் அலுவலகம். விபத்தைச் சட்டப்படி விசாரித்ததும் அதுவே. நிவாரணக் காசோலையை அவள் கையில் கொடுப்பவரும் ஆட்சியரே. விருதுநகர் ஆட்சியரகத்தின் படிகளில் ஏறும் அப்பெண்ணுக்கு ஏறிச் செல்ல வேறொரு படிக்கட்டு வேண்டும் என்பதை, இம்மாவட்டத்தை மனத்தில் கொண்டு வரையப்பட்ட எந்தச் சீர்திருத்தச் சட்டமும் மறந்திருக்க முடியாது. மாநகரை மனத்தில் கொண்டு வரையப்பட்டதாலேயே அது மறக்கப்பட்டது.

எதிர்வரும் ஆய்வுகள் எங்கிருந்து தொடங்கலாம் என்பதும் இதனால் தெளிவாகிறது. வெடிபொருள் சட்டத்தின் 9ஆம் பிரிவின் கீழ் மாவட்ட நடுவர்கள் அளித்த விசாரணை அறிக்கைகள் ஒருபுறம், அதே விபத்துகளுக்காகக் காவல் நிலையங்களில் பதிவான முதல் தகவல் அறிக்கைகளும் குற்றப்பத்திரிகைகளும் மறுபுறம். திருநெல்வேலி, இராமநாதபுரம், விருதுநகர் என்று மாறிய மூன்று பெயர்களின் கீழும் இவற்றைத் தேடி, ஒரே விபத்தின் இரு ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். காவலர் ஏட்டில் இருக்கும் எந்தப் பெயர் நடுவரின் ஏட்டில் இல்லை, நடுவர் சுட்டிய எந்தக் குறை குற்றப்பத்திரிகையில் ஏறவில்லை என்று வரிவரியாகக் குறிக்கும் அந்த வேலைக்குப் பல ஆண்டுகள் ஆகும். முனைவர் பட்டத்துக்குப் பொருள் தேடும் மாணவர்கள் 1899ஐ இன்னொருமுறை எழுதுவதைவிட அது பயனுடையது.